காலி நகரம் காலியாகலாமா?

கடற்கரையூரில் பிறந்து வளர்ந்தவர்க்கு உலகின் எந்தக் கடற்கரையூரும் முற்றிலும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. உப்புக் காற்றின் வாடையும், மஃரிப் நேரத்தில் அலையோசையோடு கலந்து வரும் பாங்கொலியும் எங்கோ கேட்டவை, எங்கோ நுகர்ந்தவை என்ற உணர்வைத் தந்துவிடும். காயல்பட்டினத்தில் பிறந்த எனக்கு இலங்கையின் தென்கோடியிலுள்ள காலி நகரம் அத்தகையதோர் உணர்வையே தந்தது. மத்ரஸாவில் ஓதி முடித்தபின் அஞ்சல்வழியில் வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்றவன் நான். ஆகையால் அவ்வூரின் கோட்டையைக் காண வேண்டுமென்ற அவா நீண்ட நாட்களாகவே என் உள்ளத்தில் குடிகொண்டிருந்தது.

சென்ற ஆண்டு ஷவ்வால் மாதத்தில், மத்ரஸா திறப்பதற்கு முன்னர், அல்லாஹ்வின் அருளால் அந்த அவா நிறைவேறியது. என்னுடன் ஒரே அரபிக் கல்லூரியில் ஓதிய காலித் தோழர் ஒருவர், "மச்சான், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை வாங்க" என்று ஆண்டுதோறும் அழைத்து வந்தார். இம்முறை அவருடைய அழைப்பில் ஒரு வேண்டுகோளும் சேர்ந்திருந்தது. "வீட்டு விஷயமாக ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கு. நீங்களும் இருந்தால் நல்லது" என்றார். என்ன முடிவென்று தொலைபேசியில் அவர் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. மதுரையிலிருந்து விமானத்தில் கொழும்பை அடைந்து, அங்கிருந்து கடலை ஒட்டியே செல்லும் ரயிலில் குடும்பத்துடன் காலிக்குப் புறப்பட்டேன். 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகச் சாலையில் சென்றால் இன்னும் விரைவாகச் சேரலாம். ஆயினும் சன்னலுக்கு வெளியே அலைகள் உடன்வரும் அந்த ரயில் பயணத்தை என் மக்கள் வாழ்நாளில் மறக்கமாட்டார்கள்.

காலிக்கும் நம் சமுதாயத்திற்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1344-ஆம் ஆண்டில் மாலத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, ஆதம் மலையில் ஏறி இறங்கியபின் தென்கரை வழியாகக் காலிக்கு வந்தார். அங்கே இப்ராஹீம் என்னும் கப்பல் நாகுதா ஒருவர் தம்முடைய இல்லத்தில் தமக்கு விருந்தளித்ததை அவர் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். அந்த நாகுதாவின் கப்பல் எத்தனை, செல்வம் எவ்வளவு என்பதையெல்லாம் உலகம் மறந்துவிட்டது. வழிப்போக்கர் ஒருவருக்கு அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட செய்தி மட்டும் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது.

அதன்பின் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ வந்தார். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டொன்றை அவர் இங்குக் கொணர்ந்து நாட்டச் செய்தார். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அது செதுக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்திசைக் கோயிலின் திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. 1911-இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட இக்கல்வெட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு துறைமுகத்தில் எத்தனை வகை மக்கள் ஒன்றாக வணிகம் செய்து வாழ்ந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

போர்ச்சுக்கீசியர் 1588-இல் இங்கே ஒரு சிறு கோட்டை எழுப்பினர். 1640-இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றி, கடலைப் பார்த்து நிற்கும் இன்றைய பெருமதில்களைக் கட்டினர். 1796-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். டச்சுக்காரர் காலத்திலும் முஸ்லிம் வணிகர்மீது பல கட்டுப்பாடுகள் இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் அவை தளர்ந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்கள் கோட்டைக்குள் வீடுகளை வாங்கிக் குடியேறினர். நீராவிக் கப்பல்களில் வந்திறங்கிய பயணிகளுக்கு இரத்தினக் கற்களும் பின்னல் சரிகைகளும் விற்றனர். பின்னர்க் கொழும்புத் துறைமுகம் வளர்ந்து கப்பல்கள் அங்கே திரும்பிவிட்டபோதும் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. வணிகம் குன்றிய காலத்திலும் கோட்டைக்கு விளக்கேற்றி வைத்தவர்களில் நம் குடும்பங்கள் பெரும்பங்கினர். 1892-இல் பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபிக் கல்லூரி இக்கோட்டைக்குள்ளேயே நிறுவப்பட்டதென்றால், இங்கு வாழ்ந்தோர் எத்துணை வேரூன்றி வாழ்ந்தனர் என்பதை வாசகர்கள் உணரலாம்.

கோட்டையின் தென்முனையில் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1939-இல் கட்டப்பட்டது அது. அதன் எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். தொலைவிலிருந்து பார்ப்போர் இதைத் தேவாலயம் என்றே எண்ணுவர். முகப்பின் அமைப்பு அப்படி. அருகில் சென்றால்தான் பிறையும் அரபு எழுத்துகளும் கண்ணுக்குப் புலப்படும். நாங்கள் சேர்ந்த அன்று அஸர் தொழுகையை அங்கே நிறைவேற்றினோம். ஒளூச் செய்யும் தண்ணீரில் குளிர்ச்சி. தொழுது திரும்பினால் கண்முன் இந்துமாக் கடல்.

தோழரின் வீடு கோட்டைத் தெருவொன்றில், பவளப் பாறையும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்களோடு அமைந்தது. முன்னே தூண்கள் தாங்கும் விறாந்தை, நடுவே வானம் தெரியும் முற்றம், பின்னே கிணறு. வாசலில் நின்றிருந்த தோழரின் தாயார், "வாங்க மகன், வாங்க! பிள்ளைகளுக்குப் பசிக்கும், முதலில் சாப்பிடுங்க" என்று கூறி, வட்டிலப்பத்தை எடுத்து வைத்த பின்னரே எங்கள் நலன் விசாரித்தார். எண்பதை நெருங்கும் அம்மூதாட்டியின் கையால் உண்ட அவ்வட்டிலப்பத்தின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது.

மறுநாள் தோழர் என்னை மதில்மேல் அழைத்துச் சென்றார். ஒரு மணி நேரத்தில் முழுக் கோட்டையையும் மதில் வழியே சுற்றி வந்துவிடலாம். 1755-இல் கட்டப்பட்ட டச்சுத் தேவாலயத்தையும், தளம் முழுதும் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதையும் கண்டோம். பழைய வாயிலின் உட்புறத்தில் டச்சுக் கம்பெனியின் சின்னமும் சேவலும் செதுக்கப்பட்டு, 1669 என்று ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே வாயிலின் வெளிப்புறத்தில் ஆங்கிலேய அரசின் சின்னம். ஆட்சிகள் மாறியதை ஒரு வாயிலின் இரு முகங்களிலும் படிக்கலாம். டச்சுக்காரரின் பண்டகசாலை இப்போது கடல்சார் அருங்காட்சியகமாக விளங்குகிறது. 'பெட்லர் வீதி' என்பதன் டச்சுப் பெயர் முஸ்லிம் வணிகர் தெரு என்று பொருள்படும் என்றார் தோழர். அத்தெருவில் நடந்தபோது நான் வீடுகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். உணவகம், நகைக்கடை, விடுமுறை இல்லம், மீண்டும் விடுமுறை இல்லம். குடும்பத்தார் பெயர் பொறித்த பலகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது.

வாசகர்கள் இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். 1988-இல் இக்கோட்டை நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்னரே உலகத்தாரின் பார்வை இதன்மீது திரும்பியது. இடிந்து கிடந்த எத்தனையோ வீடுகள் செப்பனிடப்பட்டன. இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டார் பலர் இங்கே வீடு வாங்கினர். 2014-ஆம் ஆண்டின் சட்டம் வெளிநாட்டார்க்கு நிலத்தை விற்பதைத் தடை செய்தது. ஆனால் 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு விட இடமளித்தது. எனவே இப்போது பேச்செல்லாம் குத்தகையைப் பற்றியதே.

தோழர் என்னை அழைத்த காரணம் அன்றிரவு விளங்கியது. விடுமுறை இல்லங்களை நடத்தும் நிறுவனமொன்று அவர்களது வீட்டை முப்பதாண்டுக் குத்தகைக்குக் கேட்டிருந்தது. முழுத் தொகையையும் முன்னதாகவே தருவதாகச் சொன்னார்கள். தோழரின் இளவல் அதை ஏற்க வேண்டும் என்றார். அவருடைய வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. ஓட்டுக்கூரை பல இடங்களில் ஒழுகுகிறது. பாரம்பரியப் பகுதி என்பதால் விரும்பியபடி தகரமோ காங்கிரீட்டோ போட இயலாது. உரிய துறைகளின் அனுமதி பெற்று, பழைய முறைப்படியே ஓடு வேய வேண்டும். அதற்குப் பெருந்தொகை செலவாகும். இளவலின் இரத்தினக் கடையோ 2019-ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளின் குண்டுவெடிப்புகளுக்குப் பின் தளர்ந்து, கொரோனாக் காலத்தில் மூடப்பட்டு, 2022-இன் பொருளாதார நெருக்கடியில் கடனில் மூழ்கிவிட்டது. மூத்த மகளுக்கு மேற்படிப்பு. இரண்டாம் மகளுக்குத் திருமணம்.

வீட்டின் இரண்டு அறைகளை மட்டும் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, குடும்பம் அங்கேயே தொடர்ந்து வாழலாம் என்பது தோழரின் எண்ணம். இதற்கு இளவல் கூறிய மறுமொழியும் கணக்கோடு வந்தது. "2018-ல் இலங்கைக்கு வந்தவர்கள் 23 லட்சத்துக்கு மேல். 2021-ல் இரண்டு லட்சம்கூட இல்லை. 2024-ல் மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டியது. நாளை என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும், நானா? அறையை நம்பிக் கடன் கட்ட முடியுமா?" என்று கேட்டார். அண்ணனால் பதில் கூற இயலவில்லை. இருவரும் என் முகத்தை நோக்கினர்.

மார்க்க அறிவுக்காக என்னை அழைத்திருந்தமையால் அவ்வழியிலேயே சிந்தித்தேன். வீட்டை வாடகைக்கு விடுதல் ஆகுமான காரியம், இதில் ஐயமில்லை. வீடு கைமாறும்போது அண்டை வீட்டாரின் நலனையும் கருத வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் போக்கு. 'ஷுஃப்ஆ' என்னும் முன்னுரிமையை ஹனஃபீ மத்ஹபு அண்டை வீட்டாருக்கும் வழங்குகிறது. நம் ஷாஃபிஈ மத்ஹபு பங்குதாரருக்கு மட்டுமே வழங்குகிறது. அதுவும் விற்பனைக்கு உரியதே தவிரக் குத்தகைக்கு அன்று. ஆகவே சட்டம் பேசினால் இளவலைத் தடுக்க எதுவுமில்லை.

ஆனால் அங்கே வேறொரு சட்டம் மறக்கப்பட்டிருந்தது. "வீடு யாருடையது?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவ்வீடு அவர்களுடைய தாயாருக்குப் பெற்றோர் எழுதிக் கொடுத்தது. காயலில் வீடு பெண்மக்களுக்கே என்ற வழக்கம் இருப்பதால் இக்கேள்வி எனக்கு இயல்பாகவே எழுந்தது. உரிமையாளர் உயிரோடிருக்கையில் வாரிசுப் பங்கு என்ற பேச்சே எழாது. பிள்ளைகள் ஆலோசனை கூறலாம், தீர்மானிக்க இயலாது. இரண்டு மாதங்களாக வீடு முழுதும் இதே பேச்சாக இருந்தும், அம்மூதாட்டியிடம் ஒருவரும் நேராகக் கேட்டிருக்கவில்லை. அவர் மனம் நோகுமே என்று அண்ணன் தயங்கினார். மறுத்துவிடுவாரே என்று தம்பி அஞ்சினார். அன்பும் அச்சமும் சேர்ந்து அவருடைய உரிமையை அவருக்குத் தெரியாமலேயே பறித்துவிட்டிருந்தன.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் முற்றத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் அவரிடம் எடுத்துரைத்தோம். தொகையையும் சொன்னோம். கூரைச் செலவையும், கடனையும், பேத்தியரின் தேவைகளையும் மறைக்கவில்லை. அவர் தஸ்பீஹை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு வலப்புறச் சுவரைச் சுட்டி, "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறா என்று உங்களுக்குத் தெரியுமா, மகன்?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும் தெரியாது. நாலு நாளைக்கு ஒரு முகம். கதவில் சாவிகூட இல்லை, நம்பரை அமுக்கித் திறக்கிறாங்க. முந்தி நோன்புக் கஞ்சி அந்தச் சுவருக்கு மேலாலதான் போகும், வரும்" என்றார்.

சிறிது நேரம் கழித்து 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஐ நினைவுகூர்ந்தார். சுனாமி அலைகள் காலியின் பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் விளையாட்டரங்கையும் புரட்டிப்போட்ட நாள் அது. டச்சுக்காரர் கட்டிய மதில்கள் கோட்டைக்குள் வாழ்ந்தோரைப் பெரும்பாலும் காத்தன. "வெளியிலிருந்து ஓடி வந்தவங்க முப்பது பேர் இந்த முற்றத்தில் மூணு நாள் இருந்தாங்க. யார் எந்தச் சாதி, எந்த மார்க்கம் என்று கேட்கவில்லை. ஆள் இருந்த வீடு என்பதால் கதவு திறந்தது. பூட்டின வீடாக இருந்தால் யார் திறப்பா?" என்று கேட்டபோது எங்கள் மூவருக்கும் பேச்சு எழவில்லை.

பின்னர் அவரே தீர்ப்புக் கூறினார். முன்னறைகள் இரண்டும் பயணிகளுக்கு. கிணறும் முற்றமும் பின்கட்டும் குடும்பத்திற்கு. விறாந்தை இருவருக்கும் பொது. மது கூடாது, இதை அறை கேட்பவர்களிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். வரும் வருமானத்தில் முதற்பங்கு இளைய மகனின் கடனுக்கு, அடுத்தது கூரைக்கு. கடன் நெருக்குமாயின் தம் நகைகளை விற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். "நகை போனால் இன்னொரு நகை. முப்பது வருஷம் போனால் நான் எங்கே, நீங்க எங்கே?" என்றார். முப்பதாண்டு என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் பணத்தால் அளந்தோம். அவர் ஒருவரே அதை ஆயுளால் அளந்தார்.

இளவல் எதிர்த்துப் பேசவில்லை. எழுந்து கடைக்குச் சென்றுவிட்டார். அவர் கேட்டது பேராசையால் அன்று. கடனின் சுமையை அறிந்தவர் அவரே. ஆகையால் இம்முடிவு எல்லோரையும் மகிழ்வித்தது என்று எழுத என் பேனா துணியவில்லை.

ஓராண்டு கடந்துவிட்டது. அறைகள் இரண்டும் சுற்றுலாத் துறையில் வீட்டுவிடுதியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன. பருவ காலத்தில் ஆட்கள் வருகின்றனர். மழைக்காலத்தில் பல நாட்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. கூரையில் பாதி செப்பனிடப்பட்டுவிட்டது. மூதாட்டியின் காப்புகளில் ஒரு சோடி விற்கப்பட்டுவிட்டது. இளவல் இன்னும் அண்ணனோடு முன்போல் மனம்விட்டுப் பேசுவதில்லையாம். ஆயினும் மூத்த மகள், வரும் விருந்தினருக்குத் தானே கோட்டையைச் சுற்றிக் காட்டி, அதில் கிடைக்கும் பணத்தைப் படிப்புக்கு வைத்துக்கொள்கிறாள் என்று தோழர் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. அயல்நாட்டு மூதாட்டி ஒருவர் நான்கு நாட்களுக்கு வந்து, பத்து நாட்கள் தங்கி, வட்டிலப்பம் செய்யக் கற்றுக்கொண்டு போனாராம்.

வாசக அன்பர்களே! காலிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் செல்லுங்கள். காலையில் மதில்மேல் நடங்கள். உச்சிவெயிலில் அருங்காட்சியகத்தையும் தேவாலயத்தையும் பாருங்கள். மாலையில் கலங்கரை விளக்கத்தின் அருகே அமர்ந்து கதிரவன் மறைவதைக் காணுங்கள். சற்றுத் தொலைவில் உனவட்டுனக் கடற்கரையும், கொக்கலையில் கம்பத்தின்மீது அமர்ந்து மீன்பிடிப்போரும் பிள்ளைகளுக்கு விருந்தாவர். தங்குவதற்கு இடம் தேடும்போது ஒன்றை மட்டும் விசாரியுங்கள். அந்த வீட்டில் வீட்டுக்காரர் வாழ்கிறாரா என்று கேளுங்கள். வாழ்கிறார் எனில் அங்கே தங்குங்கள். வசதி சற்றுக் குறையலாம். நீங்கள் தரும் வாடகையோ ஒரு குடும்பத்தை அதன் மூதாதையர் தெருவில் நிலைநிறுத்தும். அத்தெருவில் தூங்குவோரின் அமைதியையும் பேணுங்கள். விருந்தாளிக்குரிய கடமையும் மார்க்கத்தில் உண்டு. வீட்டாருக்குத் தொல்லையாகும் வரை தங்கலாகாது என்றும் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இது காலிக்கு மட்டும் உரிய செய்தியன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பிற கடற்கரையூர்களிலும் பெரியவீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கின்றனர். நாளை நம் தெருக்களுக்கும் பணப்பையோடு ஒருவர் வரக்கூடும். அப்போது கூரைச் செலவையும் கணக்கிடுவோம், கடனையும் கணக்கிடுவோம், தவறில்லை. ஆனால் அவ்வீட்டின் உள்ளறையில் தஸ்பீஹோடு அமர்ந்திருக்கும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

நாகுதா இப்ராஹீமின் வீடு எங்கே இருந்ததென்று இன்று எவரும் சுட்டிக்காட்ட இயலாது. அவர் திறந்த கதவோ இன்னும் திறந்தே இருக்கிறது. நம் வீடுகளின் கதவுகளும் விருந்தினருக்குத் திறந்திருக்கவும், திறப்பதற்கு உள்ளே நம் மக்கள் வாழ்ந்திருக்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.